கீழே வைத்த கத்தி

மைதிலி மாமி கத்தியைக் கீழே வைத்தார். நடந்தது அவ்வளவுதான்.

மாட்டுங்காவில் அவர் வீட்டுச் சமையலறை. காலை பத்து மணி இருக்கும். குக்கர் இரண்டு விசில் அடித்து ஓய்ந்திருந்தது. தாளித்த பெருங்காயத்தின் வாசனை கூடத்தில் இருந்த என் காப்பி டம்ளர் வரை வந்துவிட்டது. டம்ளரோடு எழுந்து சமையலறை வாசலுக்குப் போனேன்.

மாமி பீன்ஸ் நறுக்கி முடித்து, நறுக்கிய கத்தியாலேயே அதை அள்ளி, ஒரு துண்டு சிந்தாமல் வாணலியில் கொட்டினார். "நன்னா இருக்குடி புஷ்பா. கை படவே வேண்டாம், கேட்டியா" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தக் கத்தி நான் வரைந்தது.

மருமகள் ஷ்ருதி தக்காளியைக் கழுவிக்கொண்டு வந்து கையை நீட்டினாள். "மா, நைஃப் குடுங்கோ."

"கையில வாங்கப்டாதுன்னு எத்தனை தரம் சொல்றது? வெக்கறேன், எடுத்துக்கோ."

மாமி வைத்தார். பிடியை மருமகள் பக்கம் திருப்பி, முறையாகத்தான் வைத்தார். ஆனால் கத்தி படுக்கவில்லை. மேடைமேல் நின்றது, கூர் மேலே பார்த்தபடி. ஷ்ருதியின் ஒரு கண் மொபைலில் இருந்தது. அவள் கை கூருக்கு மேலே ஒரு விரல்கடை தள்ளிப் போய்ப் பிடியைப் பிடித்தது.

ஒன்றும் ஆகவில்லை. யாரும் எதையும் கவனிக்கவுமில்லை. நான் மட்டும் காப்பி டம்ளரைக் கீழே வைத்தேன். அதேபோல் இன்னொரு கத்தி சீத்தா கேம்ப்பில் என் அக்காவிடம் இருந்தது. என் அக்காவுக்கு விரல்களில் உணர்ச்சி கிடையாது.

பயந்தவள் வரைந்த கத்தி

பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பக்கத்தை முதல் வாரத்திலிருந்து படிக்கிறவர்களுக்கு என் பயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. புதிதாக வந்தவர்களுக்காக ஒரு வரி: அடுப்பை அணைத்தேனா என்று பார்க்க, மூன்று மாடி இறங்கியவள் மறுபடியும் மூன்று மாடி ஏறுவேன். செம்பூரில் எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் உண்டு. அதில் ஏறவும் பயம்.

அப்படிப்பட்டவள் போயும் போயும் கத்தி வரைவாளா என்று கேட்கலாம். நான் படம் வரைகிறவள். முன்பு கோட்டைப் பகுதியில் ஓர் அலுவலகத்தில் மேஜையில் காகிதம் விரித்து வரைந்தேன். மைதிலி மாமி அங்கேதான் தலைமை குமாஸ்தாவாக இருந்தார். இப்போது வீட்டில் கம்ப்யூட்டரில் வரைகிறேன். தாராவியில் முருகேசன் அண்ணாச்சி என்பவர் எவர்சில்வர் சமையல் சாமான் பட்டறை வைத்திருக்கிறார். கரண்டி, சல்லடை, இட்லித் தட்டு என்று எது செய்தாலும் முதலில் என்னிடம் படம் கேட்பார்.

கத்தி அண்ணாச்சி கேட்டதல்ல. நானாகப் போய்க் கேட்டு வாங்கிய வேலை. காரணம் அக்கா.

ரயிலில் நறுக்கிய அவரைக்காய்

அதற்கு முன்னால் ரயிலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஹார்பர் லைனில் மாலை வண்டியில், பெண்கள் பெட்டியில், உட்கார இடம் கிடைத்த பாதிப் பேர் மடியில் செய்தித்தாளை விரித்துவிடுவார்கள். பட்டாணி உரிப்பார்கள், கொத்தவரங்காய் ஒடிப்பார்கள். தைரியசாலிகள் சின்னக் கத்தியால் அவரைக்காய் நறுக்குவார்கள். மராத்தி, குஜராத்தி, தமிழ் என்று எந்த வீட்டு இரவுச் சமையலும் வடாலாவில் ஆரம்பித்துவிடும்.

நான் ஜன்னல் பக்கம் பார்க்காமல் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு வருவேன். வண்டி குலுங்கும்போதெல்லாம் என் கை விரல்கள் தாமாக மடங்கிக்கொள்ளும்.

நறுக்கும்போது யாரும் காயப்படுவதில்லை என்பதை அங்கேதான் கவனித்தேன். நறுக்கும்போது கண் கத்திமேல் இருக்கிறது. நறுக்கி முடித்து, காயைக் கூட்டி அள்ளும்போதுதான் கண் வேறெங்கோ போகிறது. இடது உள்ளங்கையை அணை கொடுத்து, வலது கையில் இருக்கும் கத்தியின் கூரால் காயை அந்தக் கையை நோக்கித் தள்ளுகிறோம். உங்கள் வீட்டில் இன்று கவனித்துப் பாருங்கள். எல்லாரும் இதைத்தான் செய்கிறோம்.

அக்காவின் விரல்கள்

ஜெயராணி அக்கா என்னைவிட நான்கு வயது மூத்தவள். தாராவியில் ஒரே அறையில், ஒரே பாயில் வளர்ந்தோம். கல்யாணமாகி சீத்தா கேம்ப் போனாள். அத்தான் தவறிய பிறகு, டிராம்பே பக்கம் வேலைக்குப் போகிற பத்துப் பேருக்கு மதியச் சாப்பாட்டு டப்பா கொடுத்துவந்தாள். பிள்ளைகள் இல்லை. அந்தப் பத்து டப்பாதான் அவளுக்கு எல்லாம். காய்ச்சல் என்று படுத்தால்கூட, "எம் பிள்ளைய பத்தும் பட்டினி கெடக்குமே" என்று எழுந்துவிடுவாள். அந்தப் பிள்ளைகளில் இரண்டு பேர் ஓய்வு பெறும் வயதில் இருந்தார்கள்.

சர்க்கரை வியாதி அவள் விரல்களை மரக்கவைத்தது. ஒருநாள் நான் போயிருந்தபோது, கொதிக்கும் சோற்றுப் பானை மூடியை வெறுங்கையால் எடுத்துக் கீழே வைத்துவிட்டு நிதானமாக என்னோடு பேசிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் விரல்களில் கொப்புளம் எழும்பியது. அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான், "சுட்டுட்டு போலுக்கே" என்றாள்.

அன்று அவள் நறுக்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் கை தவறவேயில்லை. அத்தனை வருடப் பழக்கம். ஆனால் வெங்காயத்தைக் கூட்டி அள்ளும்போது இடது உள்ளங்கை அணையாக வந்து நின்றது, கூர் அதை நோக்கி வந்தது. வெட்டினால் இவளுக்குத் தெரியாது.

அடுத்த வாரமே வரைந்துவிட்டேன். நாலு விரல் அகலத்தில் ஒரு தகடு. ஒரு பக்கம் கூர். எதிர்ப்பக்கத்தைச் செங்குத்தாக மடித்து, இரண்டு விரல் உயரத்துக்கு ஒரு சுவர். நறுக்கும்போது சுவர் மேலே இருக்கும், அதன்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தலாம். நறுக்கியதும் கத்தியைச் சாய்த்துக் காய்க்கு அடியில் தள்ளினால், எல்லாம் சுவரில் முட்டித் தகட்டின்மேல் ஏறிக்கொள்ளும். அப்படியே தூக்கிச் சட்டியில் கொட்ட வேண்டியதுதான். இன்னொரு கைக்கு வேலையே இல்லை.

அண்ணாச்சி படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கத்தியா, முறமா, என்னம்மா இது?"

"ரெண்டும்தான் அண்ணாச்சி."

"ஒங்களுக்குக் கத்தியப் பாத்தாலே கை நடுங்கும். நீங்க வரைஞ்சா பத்திரமாத்தான் இருக்கும்" என்றார். அந்த வார்த்தையை நான் நம்பினேன்.

ஆறு கத்திகள் செய்தோம். ஒவ்வொன்றையும் சோதித்தோம். வெட்டுகிறதா, அள்ளுகிறதா, கொட்டுகிறதா, கழுவ வருகிறதா. நான்குக்கும் சரி. முதல் கத்தி அக்காவுக்கு, இரண்டாவது மாமிக்கு. காட்கோபரில் என் நாத்தனாருக்கு ஒன்று, அண்ணாச்சி வீட்டுக்கு ஒன்று. மிச்சம் இரண்டு என்னிடம்.

ஆணியில் மாட்டியதால்

வைத்தால் என்ன ஆகும் என்று மட்டும் நாங்கள் பார்க்கவில்லை.

என் சமையலறையில் இரண்டு பேர் நிற்க இடம் கிடையாது. வீட்டுக்காரர் காப்பி டம்ளரைத் திருப்பி வைக்கக்கூட உள்ளே வருவதில்லை. கத்தியை யாரிடமும் கொடுக்கவேண்டிய தேவை எனக்கு வந்ததே இல்லை. பிடியில் ஒரு துளை போட்டு வாங்கியிருந்தேன், கழுவியதும் ஆணியில் மாட்டிவிடுவேன். பட்டறையில் எல்லாம் தட்டில் குவிந்து கிடக்கும்.

ஆனால் நம் வீடுகளில் கத்தி கைமாறுவது கீழே வைத்துத்தான். கையில் கொடுத்தால் சண்டை வரும். இது எனக்குத் தெரியாதா என்ன? பன்னிரண்டு வயதில் நான் அக்கா கையிலேயே கத்தியைக் கொடுத்திருக்கிறேன். அந்த வாரமே, அக்கா எழுதிவைத்திருந்த ஒரு கடிதத்தை அம்மாவிடம் காட்டிக் கொடுத்தேன். அக்கா என்னோடு இரண்டு வருடம் பேசவில்லை. ஒரே பாயில் முதுகைக் காட்டிப் படுப்பாள். அம்மாவைப் பொறுத்தவரை கடிதம் காரணமில்லை, கத்திதான் காரணம். அதற்குப் பிறகு அக்கா யார் கையிலிருந்தும் கத்தியை வாங்கியதில்லை, கொடுத்ததுமில்லை.

அந்த இரண்டு வருடத்தைப் போல ஒரு பயத்தை நான் பிறகு அனுபவித்ததில்லை. பக்கத்தில் படுத்திருக்கிறவள் மூச்சு விடுகிறாளா என்று காதை வைத்துக் கேட்பேன். பேசமாட்டாளே தவிர, நான் கேட்பது தெரிந்து பெருமூச்சு விடுவாள்.

இதெல்லாம் தெரிந்திருந்தும் வரையும்போது நினைவுக்கு வரவில்லை. கத்தியைக் கீழே வைக்கப் போகிறவர்களுக்கு அந்த மடித்த சுவர் ஒரு பீடமாகத் தெரிந்தது. பீடம் என்றால் அதன்மேல்தானே நிறுத்துவார்கள்? அரிவாள்மணையில் பழகிய கண்ணுக்குக் கூர் மேலே பார்ப்பதும் புதிதில்லை.

எடுக்காத போன்

யாரையும் கீழே வைக்கச் சொல்லாமல், ஷ்ருதியின் பலகையிலிருந்து கத்தியை நானே எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். "என்னடி, குடுத்துட்டு பிடுங்கிண்டு போறே" என்று மாமி சிரித்தார். படியிறங்கிக்கொண்டே நாத்தனாருக்கும் அண்ணாச்சிக்கும் போன் செய்தேன். இருவரும் கத்தியைத் துணியில் சுற்றி எடுத்துவைப்பதாகச் சொன்னார்கள்.

அக்கா போனை எடுக்கவில்லை.

பத்தரை மணி. அவள் காய் நறுக்கும் நேரம். டாக்ஸியில் ஏறி, "சீத்தா கேம்ப், பையா, ஜல்தி" என்று அவசரப்படுத்தினேன். மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை. சயான் சிக்னலில் நின்றோம். செம்பூரில் நின்றோம். என் வீட்டுத் தெருமுனை வழியாகவே டாக்ஸி போனது, அடுப்பை அணைத்தேனா என்ற நினைப்புகூட வரவில்லை. பயத்திலும் பெரிய பயம் சின்னதைத் தின்றுவிடுகிறது.

எத்தனை முறை அடித்தேன் என்று தெரியாது. ஒவ்வொரு முறை மணி முழுதாக அடித்து ஓயும்போதும் எனக்கு ஒரே காட்சிதான் தெரிந்தது. அவள் உப்பு ஜாடிக்குக் கையை நீட்டுகிறாள். நடுவில் கத்தி நிற்கிறது. டிராம்பே சாலையில் லாரிகளுக்குப் பின்னால் டாக்ஸி ஊர்ந்தபோது, "கோயி பீமார் ஹை க்யா?", யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று டிரைவர் கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன்.

சந்துக்குள் வண்டி போகாது. ஓடினேன்.

கையில குடு

அக்கா அடுப்புக்கு முன்னால் நின்றிருந்தாள். பத்து டப்பாவும் திறந்து வரிசையாக இருந்தன. பலகையில் இருந்த கடைசிப் பிடி முட்டைக்கோஸை என் கத்தியால் அள்ளிச் சட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள். கோஸ் வெள்ளை வெளேரென்று இருந்தது. அவள் கைகளையும் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"வாட்டி. என்ன இந்நேரத்துல?"

"போனை எடுக்கமாட்டியாக்கா?"

"கையெல்லாம் ஈரமாக் கெடக்கு. உள்ள அடிச்சிக்கிட்டே கெடந்துச்சு, எந்த லோன்காரனோன்னு விட்டுட்டேன்."

"அந்தக் கத்தியக் குடு."

"ஏன்? நல்லாத்தான இருக்கு. அள்ளிப் போட தோதா இருக்கு."

"அதுல ஒரு தப்பு இருக்குக்கா. திருத்திக் கொண்டாரேன்."

அவள் கத்தியைத் துடைத்தாள். எங்கள் இருவருக்கும் நடுவில் தண்ணீர் டிரம் இருந்தது. அதன் மூடிமேல் வைக்கக் குனிந்தாள். சுவர்ப்பக்கம் கீழே, கூர் மேலே. அது ஆடும் மூடி.

"வைக்காதக்கா. கையில குடு."

"கையிலயா? சண்டை வரும்ட்டி."

"வரட்டும். ரெண்டு வருசம் பேசாம இருந்துக்கிடுவோம். குடு."

அக்கா சிரித்தாள். என் குரல் அவளுக்கு வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். கத்தியைத் திருப்பிப் பிடியை என் பக்கம் நீட்டினாள். பிடியை அடுத்தவருக்குக் கொடுப்பதுதான் மரியாதை. அப்படியானால் கொடுக்கிறவர் எதைப் பிடித்திருப்பார் என்று நான் யோசிக்கவில்லை. பிடியைப் பற்றிக்கொண்டேன்.

அவள் விடவில்லை. பேசிக்கொண்டிருந்தாள். "அம்மை இருந்தா இப்பம் ஒன் முதுகுல ரெண்டு போட்டிருப்பா. கையில குடுக்காளாம், கையில வாங்குதாளாம்."

அவள் நான்கு விரல்களும் கூரின்மேல் மடிந்திருந்தன. தகட்டின் ஓரமாக ஒரு சிவப்புக் கோடு இறங்கி என் கட்டை விரலைத் தொட்டது. வெதுவெதுப்பாக இருந்தது.

இழுத்தால் விரல் போகும். கத்தினால் பயந்து இறுக்கிப் பிடிப்பாள். நான் பிடியை விட்டால் கத்தியின் பாரம் முழுவதும் அந்த விரல்களில் இறங்கும். வாழ்நாள் முழுவதும் எதற்கெல்லாமோ பயந்தேனே, அதெல்லாம் ஒத்திகை என்று தோன்றியது. என்னால் முடிந்த அளவு மெதுவாகச் சொன்னேன்.

"அக்கா. விரலை விரிச்சிரு."

"எந்த விரலை?"

"கத்தியப் பிடிச்சிருக்கியே, அந்தக் கை. குனிஞ்சு பாத்து விரி."

அவள் குனிந்து பார்த்தாள். பார்த்த பிறகுதான் அந்த விரல்கள் அவள் சொன்னதைக் கேட்டன. கத்தி என்னிடம் வந்தது. அக்கா தன் உள்ளங்கையை முகத்துக்கு நேரே பிடித்து, வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்தாள். வலியே இல்லை அவள் முகத்தில்.

"இது எப்பம்ட்டி வெட்டுச்சு?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவளே பதில் சொல்லிக்கொண்டாள். "கோசு நறுக்கையிலயே வெட்டிருக்கு. தெரியாமலே நறுக்கிருக்கேன்."

திரும்பிச் சட்டியைப் பார்த்தாள். மற்றக் கையால் அடுப்பை அணைத்தாள். கோஸ் முழுவதையும் குப்பையில் கவிழ்த்தாள். பொங்கிவைத்த சோற்றையும் குழம்பையும்கூடக் கொட்டச் சொன்னாள். "எந்தெந்த நாள் எந்தெந்தப் பிள்ளை தட்டுல என் ரத்தம் விழுந்துச்சோ" என்றாள். என்னைவிடப் பயந்தவளாக அவளை நான் பார்த்தது அன்றுதான்.

ஐந்தாவது சோதனை

இரண்டு விரல்களில் தையல் போட்டார்கள். ஆறிவிட்டது. விரல் எதுவும் போகவில்லை.

கத்தியைத் திருத்தினோம். சுவரை வெளிப்பக்கமாகச் சாய்த்து, முனையை உருட்டிவிட்டோம். எப்படி வைத்தாலும் நிற்காது, கூர் கீழே போகும்படி விழுந்து படுத்துக்கொள்ளும். என் வீட்டுக் கிரானைட் மேடையில் அதை எத்தனை தடவை வைத்து வைத்துப் பார்த்தேன் என்பதற்குக் கணக்கில்லை. இப்போது கடைகளில் கிடைக்கிறது. மாமி இரண்டு வாங்கினார். திருத்திய முதல் கத்தியை அக்காவுக்குக் கொண்டுபோனேன். அட்டைப் பெட்டியோடு இன்னும் அலமாரிமேல் இருக்கிறது.

அக்கா டப்பாவை நிறுத்திவிட்டாள். "என் கைய இனிமே நம்ப முடியாதுட்டி" என்றாள். அவளுக்கு வேண்டிய காயைப் பக்கத்து வீட்டு ரஷீதா நறுக்கிக் கொடுக்கிறாள். காலை பத்தரை மணிக்கு நான் போனால், ஜன்னலோரம் உட்கார்ந்து டிராம்பே பஸ்கள் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இப்போதெல்லாம் நான் போன் செய்தால் முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறாள்.

சில வருடங்கள் ஆகிவிட்டன. ஒவ்வொரு முறையும் சொல்லிவிட வேண்டும் என்று போவேன். சண்டை வந்துவிடும் என்று பயந்து, காப்பி குடித்துவிட்டுத் திரும்பிவிடுவேன். கையில் கொடுத்தால் சண்டை வரும் என்பார்கள். எங்களுக்கு வரவில்லை. வந்திருந்தால் தேவலை.

அக்கா இந்தப் பத்திரிகையை வாரம் தவறாமல் வாங்குகிறவள். இந்தப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவாளாம், தன் பெயர் வந்திருக்கிறதா என்று பார்க்க. அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு இன்றும் தைரியமில்லை. அதனால் இங்கே வைக்கிறேன்.

அக்கா, கோஸ் நறுக்கும்போது உன் கை தவறவில்லை. நீ அள்ளிப் போட்டது வெள்ளையாகத்தான் இருந்தது, உன் கையும் சுத்தமாக இருந்தது. நான் வாசலில் நின்று பார்த்தேன். நீ எப்போதும்போலக் கீழே வைக்கத்தான் போனாய். கையில் குடு என்று நான் சொன்ன பிறகுதான் வெட்டியது.

எடுத்துக்கொள். பிடி உன் பக்கம் இருக்கிறது.